கேட்கச் சொன்னவன்

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் செருப்புக் கடை வைத்திருந்த அபுசாலி ராவுத்தர் நல்ல மனிதர். சிரித்த முகம், தொழுகை தவறாதவர். எது நடந்தாலும் அதை அல்லாஹ்வின் பொறுப்பில் விட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவது மட்டும் அவரிடம் இருந்த பழக்கம். கடைச் சுவரில் ஈரம் ஏறினால் நஸீபு, தலைவிதி. வாங்கிப்போட்ட சரக்கு விலைபோகாவிட்டால் நஸீபு. மூத்த மகள் மும்தாஜை யாரிடமும் விசாரிக்காமல் வெளியூரில் கட்டிக்கொடுத்து, அவள் கைக்குழந்தையோடும் உதட்டில் தையலோடும் திரும்பி வந்து நின்றபோதும் அவர் அதே வார்த்தையைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. ஆனாலும் அந்த வார்த்தையை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

இரண்டாவது மகள் ஹாஜிராவுக்கு சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில் வேலை. சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அம்மா இறந்துபோன பிறகு அக்காவையும் அக்கா மகளையும் தாங்கியது பெரும்பாலும் அவள் சம்பளம்தான். இருபத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லையே என்று ஊர்தான் கவலைப்பட்டது. ராவுத்தர் கவலைப்படவில்லை. நேரம் வந்தால் வரும் என்றார்.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஜனவரியில் அந்த நேரம் வந்தது. பல்லாவரத்தில் ஒரு குடும்பம். மாப்பிள்ளை இலியாஸ் சவூதியில் தம்மாமில் ஏசி மெக்கானிக், இரண்டு மாத லீவில் வந்திருக்கிறான். தூரத்து உறவுக்காரர் ஒருவர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்து காரியத்தை முடித்தார். குரோம்பேட்டையில் மண்டபம் பேசி, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்த பிறகுதான் ராவுத்தர் மகளிடம் விஷயத்தைச் சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே, எழுதினது தானாகத் தேடி வந்திருக்கிறது என்றார். ஹாஜிரா ஒன்றும் பேசவில்லை. பேசாததை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

கம்பெனியில் அவள் பக்கத்து மிஷின் வரிசையைப் பார்த்துக்கொள்பவள் மெட்டில்டா. மாப்பிள்ளை எப்படி என்று அவள் கேட்டபோது ஹாஜிரா போட்டோவைக் காட்டினாள். குரல் எப்படியிருக்கும், என்ன பேசுவான், கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பீர்கள் என்று மெட்டில்டா அடுக்கிக்கொண்டே போனாள். ஹாஜிராவுக்கு எதுவும் தெரியவில்லை. "ஒரு காலர் கோணலா இருந்தா மொத்த பண்டிலையும் பிரிக்கச் சொல்றவ நீ," என்று மட்டும் சொல்லிவிட்டு மெட்டில்டா வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தப் பேச்சு ஹாஜிராவின் மனதில் தங்கிவிட்டது. அப்பாவிடம் பேசலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். அவர் பந்தல்காரனோடும் சமையல் பண்டாரியோடும் அவ்வளவு சந்தோஷமாக அலைந்துகொண்டிருந்ததைப் பார்த்தால் வாய் வரவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்தின் பின்கட்டில் பிரியாணிக்குத் தம் போட்டு மூடிக் கங்கு பரப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை மேடையில் பூச்சரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பெண்ணிடம் சம்மதம் கேட்க ராவுத்தரும் இரண்டு சாட்சிகளும் பள்ளிவாசலில் தொழவைக்கும் அஜரத்தும் பெண்கள் பக்கத்து அறைக்கு வந்தார்கள். அஜரத் எந்த நிக்காஹுக்கும் தாமதமாகப் போகாதவர். அன்றைக்கு அவருக்கு இன்னொரு கல்யாணமும் இருந்தது.

ராவுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னாருடைய மகன் இலியாஸுக்கு இந்த மஹர் தொகைக்கு உன்னை நிக்காஹ் செய்துகொடுக்க எனக்குச் சம்மதம் தருகிறாயா என்று கேட்டார். முக்காட்டுக்குள் சத்தமில்லை. வெட்கம் என்று சாட்சிகள் புன்னகைத்தார்கள். இரண்டாம் முறை கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மும்தாஜ் தங்கையின் கையைப் பிடித்தாள்.

"வாயைத் திறந்து சொல்லு," என்றாள் மும்தாஜ் மெல்ல. "நான் அன்னிக்குச் சொல்லல."

ஹாஜிரா முக்காட்டை விலக்கினாள். அப்பாவைப் பார்க்காமல் அஜரத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் எழுதி முடிச்சாச்சுன்னா என்னை எதுக்குக் கேக்குறீங்க, அஜரத்?"

அஜரத் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எழுதினவன்தாம்மா கேக்கவும் சொல்லியிருக்கான். நீ என்ன சொல்லப்போறேன்னு அவனுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது, உனக்கே இன்னும் தெரியல போலிருக்கு. அதான் வந்து நிக்கிறோம். நீ சொல்லாம இந்த நிக்காஹ் கிடையாது."

"அப்ப இன்னிக்கு என்னால ஆமான்னு சொல்ல முடியாது," என்றாள் ஹாஜிரா. "வேணாம்னும் சொல்லல. அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

செய்தி மேடைக்குப் போவதற்குள் மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. இலியாஸின் அம்மா எழுந்து கிளம்பத் தயாரானாள். இலியாஸ்தான் பூச்சரத்தைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, பேசட்டுமே என்றான். அறை வாசலில் ஒரு திரையைப் பாதி இழுத்துவிட்டு, இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் ஹாஜிராவும், நடுவில் மும்தாஜும் உட்கார்ந்தார்கள்.

பேச ஆரம்பித்ததும் இரண்டு பேருக்கும் ஆச்சரியமாகப் போய்விட்டது. பெண்ணுக்கு வெளிநாடு போக ரொம்ப ஆசை, வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்துவிடுவாள் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை தாம்பரத்திலேயே தங்கிவிடப் போகிறார் என்று அவளிடம் பிறகு சொல்லியிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடந்தவர் ஆளுக்கு ஏற்றபடி பேசியிருக்கிறார். அக்காவையும் அவள் குழந்தையையும் விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாது என்று ஹாஜிரா பட்டென்று சொன்னாள். உங்களுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டம்தானா என்றும் கேட்டாள்.

இலியாஸ் திரைக்குக் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தான்.

"இதை என்கிட்ட கேட்ட முதல் ஆள் நீங்கதான்," என்றான். "உண்மையைச் சொல்லணும்னா, எனக்குத் தம்மாமுக்குத் திரும்பிப் போகவே பிடிக்கல. அதை யார்கிட்டயும் சொன்னதில்ல."

திரைக்கு அந்தப் பக்கம் ஹாஜிரா சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். மும்தாஜ் மட்டும் பதறிப்போய் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

இன்றைக்கு நிக்காஹ் வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். இலியாஸ் மேடைக்குத் திரும்பி அதைத் தன் வாயால் சொன்னான். பெண்ணின் மேல் தப்பில்லை, எனக்கும் இதில்தான் இஷ்டம் என்றான். மண்டபத்தில் ஆட்கள் எழுந்திருக்க ஆரம்பித்தபோது பின்கட்டிலிருந்து சமையல் பண்டாரி கையைத் துடைத்தபடி வந்தார்.

"பாய், நிக்காஹ் இன்னைக்கு இல்லன்னா போவட்டும். தம் உடைச்சாச்சு. சோறு காத்துகினு கீது. இன்னா பண்ணட்டும்?"

இலியாஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிரியாணி பரிமாறும் பெரிய சஹன் தட்டு ஒன்றைத் தூக்கினான். அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. கல்யாணம் நடக்காத மண்டபத்தில் அவ்வளவு பேரும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். முதல் பந்தியில் குசுகுசுவென்று பேசினார்கள், இரண்டாம் பந்தியில் தால்ச்சா நன்றாயிருக்கிறது என்றார்கள். மெட்டில்டா கம்பெனிப் பெண்களோடு உட்கார்ந்து இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள்.

ராவுத்தர் மட்டும் செருப்புகள் குவிந்து கிடந்த வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அஜரத் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்த கல்யாணத்துக்கு வேறொருவரை அனுப்பிவிட்டிருந்தார். எழுதினதை என் மகள் தட்டிவிட்டாளே என்று ராவுத்தர் கலங்கினார். அஜரத் அவருக்குக் கலீஃபா உமர் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட கதையைச் சொன்னார். அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு உமர் படையைத் திருப்பினார். அல்லாஹ் விதித்ததிலிருந்து ஓடுகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். ஆமாம், அவன் விதித்த ஒன்றிலிருந்து அவன் விதித்த இன்னொன்றுக்குப் போகிறேன் என்றாராம் உமர்.

ராவுத்தர் படியில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தார். பிறகு, மூத்தவளைக் கட்டிக்கொடுக்கும்போது ஒரு நாள் பஸ் ஏறிப்போய் நாலு பேரிடம் விசாரித்திருக்கலாம், அதை யாரும் எனக்குத் தடுத்து எழுதி வைக்கவில்லை என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மும்தாஜிடம் அதையே மறுபடியும் சொன்னார். நஸீபு என்ற சொல்லே அதில் இல்லை. மும்தாஜ் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அந்த வீட்டில் அன்று ராத்திரி மூன்று பேரும் முன்பைவிட அதிகமாகப் பேசினார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து இலியாஸ் செருப்புக் கடைக்கு வர ஆரம்பித்தான். முதல் நாள் ஒரு ஜோடி வாங்கினான். மறுபடி வந்தபோது அம்மாவுக்கு ஒரு ஜோடி. மூன்றாம் முறை வந்தபோது, செருப்பு வேண்டாம் தம்பி, வீட்டுக்கே போங்க, கதவு திறந்துதான் இருக்கும் என்று ராவுத்தரே சொல்லிவிட்டார். கூடத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவனும் ஹாஜிராவும் பேசுவார்கள். அடுப்படியில் மும்தாஜ் வாழைக்காய் பஜ்ஜி போடுவாள். தம்மாமுக்குத் திரும்பாமல் குரோம்பேட்டையில் ஒரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை போட வேண்டும் என்பது இலியாஸின் கனவு. ஓடாவிட்டால் என்ன செய்வது என்று பயந்தான். ஓடாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நல்ல இடமாகப் பார் என்றாள் ஹாஜிரா. இரண்டு பேருக்கும் ஒருமுறை சண்டைகூட வந்தது. கடைக்குத் தன் பெயரை வைக்கக் கூடாது என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அந்தச் சண்டையில்தான் அவனைத் தனக்குப் பிடித்திருப்பது அவளுக்கு உறுதியானது.

அவனுடைய அம்மா மட்டும் மண்டபத்து அவமானத்தை மறக்கவில்லை. ஆகவே ஹாஜிரா ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு பல்லாவரம் போனாள். பெண் வீட்டிலிருந்து பெண்ணே போய்க் கேட்பதா என்று மும்தாஜ் தயங்கியபோது, கதீஜா நாயகியே நபிகளைக் கேட்டு ஆள் அனுப்பவில்லையா என்றாள்.

இலியாஸின் அம்மா கதவைத் திறந்தாள், சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னாள்.

"அன்னிக்கு உங்களுக்கு நேர்ந்த தலைகுனிவுக்கு மன்னிச்சுக்குங்க, மாமி," என்றாள் ஹாஜிரா. "ஆனா நான் கேட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன். இன்னிக்கு உங்க மகனைக் கேட்டு வந்திருக்கேன். உங்களுக்குச் சம்மதமா?"

அந்த அம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். தன்னை இப்படி யாரும் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை என்று அப்புறம் மும்தாஜிடம் சொன்னாளாம். அப்போது எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் சர்க்கரைக் கிண்ணம் இருந்தது. கிண்ணத்தை நீட்டிய பிறகுதான் சிரித்தாள்.

நோன்பு பிறப்பதற்கு முன்னால், சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசலில் சிறிய அளவில் நிக்காஹ் நடந்தது. அன்று வீட்டில் ராவுத்தர் மகளிடம் கேட்ட கேள்விக்கு உடனே பதில் வந்தது. துஆ முடிந்து எல்லோரும் கட்டித்தழுவிக்கொண்ட பிறகு அவர் வீட்டுக்கு வந்து அவள் அருகில் உட்கார்ந்தார். பார்த்தாயா, கடைசியில் எழுதினதுதான் நடந்தது என்றார், பழைய குறும்போடு.

"ஆமாம் அத்தா," என்றாள் அவள். "ஆனா நான் நடந்துதான் இங்க வந்தேன்."

அவர் அதற்குத் தலையை ஆட்டினார். மறுக்கவில்லை.

மறுநாள் இலியாஸும் ஹாஜிராவும் பஸ் மாறிக் கோவளம் போனார்கள். படகுகள் கரை ஏறியிருந்தன. மணலில் மீனைக் குவித்து ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் வாங்கவா வேண்டாமா என்று இலியாஸ் கேட்டான். பஸ்ஸில் நாற்றமடிக்கும் என்றாள் அவள். அடிக்கட்டும் என்றான். சரி என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹாஜிரா கூட்டத்துக்குள் போய்ச் சங்கரா மீன் ஒரு கூறு பேரம் பேசி வாங்கினாள். தாம்பரம் வரை அவர்கள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. இரண்டு பேரும் ஜன்னல் காற்றில் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.