செயலாளருக்காக

ஊர்ப் பழம்பொருள்களைச் சேர்த்துவைத்திருக்கும் எங்கள் நூதனசாலைச் சங்கத்தின் நிர்வாகசபைக்கு ஆள் தெரிவுசெய்வது ஒரு காலத்தில் பெரிய அடிபாடு. சல்லிக்காசு சம்பளம் கிடையாது. கிடைப்பதெல்லாம் கூட்டத்தில் முன்வரிசையும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்தான். அதற்காக முகம் பார்க்காமல் போன அண்ணன் தம்பிகள் உண்டு. தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியபின் எல்லாம் தலைகீழ். யாருடைய பெயரையாவது பிரேரிக்க வாய் திறந்தாலே போதும், ஒருவருக்கு நீரிழிவு கூடிவிடும், இன்னொருவருக்குக் கொழும்பில் மகளைப் பார்க்கப் போகவேண்டியிருக்கும். பதவி ஏற்றால் பெயர் கடதாசியில் ஏறும். அந்தக் கடதாசி யார் கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. பயம், வேறொன்றுமில்லை. எனக்கும் பயம்தான், ஆனால் நான் அதற்கு நோயின் பெயர் வைப்பதில்லை.

நான் புஸ்பராணி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். சங்கத்தின் செயலாளர் ஆனந்தராசா என்னுடைய கணவர். சண்டை தொடங்கி, ஊர் கொஞ்சம் அடங்கியதுபோல் தெரிந்த ஒரு நாள், சல்லிக் கிராமத்துக் கடற்கரையில் கரைவலைக்காரர் இழுத்துப்போட்ட பழைய நங்கூரம் ஒன்று மணலில் கிடக்கிறது என்று யாரோ சொல்ல, அதைப் பார்க்கச் சைக்கிளில் புறப்பட்டார். ஊர் எரிகிற நேரத்தில் நங்கூரம் என்ன நங்கூரம் என்று ஏசினேன். "சாப்பாட்டுக்கு வந்திடுவன்" என்றார். சல்லியில் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். உப்புவெளிப் பக்கமாகத் திரும்பி வந்ததைக் கண்டவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் யாருமில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை.

சங்கத்தின் யாப்பில் உள்ள விதிப்படி ஒரு பதவி வெற்றிடமாவதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு. ஆள் இறக்கவேண்டும், அல்லது விலகவேண்டும், அல்லது மாவட்டத்தை விட்டே போகவேண்டும். இவர் விஷயத்தில் இந்த மூன்றில் எதை எழுதுவது? அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். கடைசியில் பழைய செயலாளரையே தெரிவது என்று முடிவாயிற்று. ஆனால் தெரிவு செய்யப்பட்டவர் "ஏற்றுக்கொள்கிறேன்" என்று தன் வாயால் சொல்லவேண்டும் என்பது எங்கள் வழக்கம். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். "அவர் ஏற்றுக்கொள்கிறார்" என்று நான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து கூட்ட அறிக்கைகளை நான் எழுதுகிறேன். அடியில் "செயலாளருக்காக" என்று போட்டு என் கையெழுத்தை வைக்கிறேன்.

அந்தச் சொல்லை நான் சொன்ன கையோடு, மண்டபத்தின் பின்பக்கம், நங்கூரங்கள் கிடக்கிற மூலையில், அவர் தொண்டையைச் செருமினார். பதவி ஏற்கமுதல் அவர் எப்போதும் அப்படித்தான் செருமுவார். எனக்கு மூளை பிசகவில்லை. கணக்குப் படிப்பிக்கிறவள் நான். ஆனாலும் கேட்டது கேட்டதுதான்.

நூதனசாலை என்றால் பெரிதாக எண்ணவேண்டாம். துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற பழைய கிடங்கு ஒன்று. நங்கூரங்கள், பீங்கான் துண்டுகள், சுழியோடிகளின் பித்தளைத் தலைக்கவசம், ஒரு திமிங்கில எலும்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவருடைய கையெழுத்தில் ஒரு சிறிய அட்டை. பள்ளிக்கூடம் விட்டபின் தூசி தட்டப் போவேன். அலுமாரிக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரியும். எட்டிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். "வாறதெண்டால் வீட்டுக்கு வாங்கோவன், இஞ்ச நிண்டு என்ன செய்யிறியள்?" என்று உரத்து ஏசியிருக்கிறேன். ஏசிவிட்டு அழுதும் இருக்கிறேன்.

அதற்கு அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குச் சற்று முன்னர் ஒரு புதுச் சட்டம் வந்தது. எந்தச் சங்கமானாலும் நிர்வாகசபையின் பெயர்களை இராணுவ முகாமில் கொடுத்து அனுமதி எடுக்கவேண்டும். சபையில் இரண்டுபேர் நேரில் போய் விளக்கம் சொல்லவேண்டும். தலைவர் கதிர்காமத்தம்பி ஓய்வுபெற்ற தபாலதிபர். முத்திரை குத்தியதுபோல் சுருக்கமாகத்தான் கதைப்பார். அன்றைக்கு மனிதர் சுற்றி வளைத்தார்.

"அனுமதி இல்லாட்டிக் கட்டிடத்த எடுத்துப்போடுவாங்கள். சாமான் எல்லாம் எங்க போகுமெண்டு தெரியாது. அதால, ரீச்சர், குறை நினையாதேங்கோ. முகாமுக்குக் குடுக்கிற கடதாசியில மட்டும் செயலாளருக்கு வேற ஒரு பெயரைப் போடுவமே?"

"ஆரின்ர பெயரை?" என்றேன்.

 பின்வரிசையிலிருந்து பலசரக்குக்கடைச் சின்னப்போடி, "அவற்ற பெயர் இருக்கிறதுதான் புத்தி. வேற ஆரையும் பிடிச்சாலும் அவரத் திரும்பப் பிடிக்க ஏலாதே" என்றார். சொல்லி முடித்தபின்தான் தான் சொன்னது அவருக்கே விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பார்த்த பார்வையில், கூட்டம் முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை. ஆனால் மற்றவர்கள் மனதுக்குள் வைத்திருந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

"அவற்ற பெயர் கட்டாயம் போகவேணும்" என்றேன். "ரெண்டு வருசமா நான் போய்ப் போய்க் கேட்டனான், என்ர மனுசன் எங்கயெண்டு. அப்பிடி ஒரு பெயரே தெரியாதெண்டு சொன்னவங்கள். இந்த முறை அவங்கள் என்னட்டக் கேக்கட்டும்."

நான் போட்ட கணக்கு மிகவும் லேசானது. பெயரைப் பார்த்ததும் இந்த ஆள் எங்கே என்று கேட்பார்கள். கேட்டால், அவர் எங்கேயென்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாவிட்டால், அவர்கள் கையில் அவர் அகப்படவில்லை. அப்படியென்றால் படகு ஏறியிருக்கலாம். அந்த நாட்களில் இந்தக் கரையிலிருந்து இந்தியாவுக்குப் போன சனம் கொஞ்சநஞ்சமல்ல. அங்கே ஏதோ ஒரு அகதி முகாமில், கடதாசி கிடைக்காமலோ, எனக்கு ஆபத்து வரக்கூடாதென்றோ எழுதாமல் இருக்கலாம். என் உயிர் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. அவர்கள் கேட்டால் போதும்.

"நான் ஆமோதிக்கிறன்" என்றார் பொருளாளர் அபூதாஹிர். கிண்ணியாவில் மரக்கடை வைத்திருப்பவர். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் பார்க்கப் பயந்த அந்த ஆண்டுகளில், பாதையென்கிற மிதவைப் படகில் ஏறித் துறையைக் கடந்து தவறாமல் கூட்டத்துக்கு வந்த ஒரே ஆள். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியவர். "போறதுக்கும் நான் வாறன். தலைவருக்குக் கால் ஏலாது. நானும் ரீச்சரும் போவம்."

"அவர் ஏற்றுக்கொள்கிறார்" என்றேன். பின்னால் அந்தச் செருமல் கேட்டது.

முகாமில் எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். இருக்கக் கதிரை தந்தார்கள், வெறுந்தேத்தண்ணி தந்தார்கள். அதிகாரி இளம் வயது. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர் நின்றார். அதிகாரி பேனையால் பெயர்களைத் தொட்டுத் தொட்டு வந்தார். கதிர்காமத்தம்பி யார், எந்தத் தபாற் கந்தோரில் இருந்தார், கனடாவில் இருக்கிற மகன் எப்போது போனான், யார் அனுப்பினார்கள்? எல்லாவற்றுக்கும் அபூதாஹிர் பதில் சொன்னார். பேனை இரண்டாவது பெயருக்கு இறங்கும் என்று நான் நிமிர்ந்து இருந்தேன். அது அந்த வரியைத் தாண்டிப் பொருளாளரில் போய் நின்றது.

தவறிப்போய்த் தாண்டிவிட்டார், திரும்பி வருவார் என்று நினைத்தேன்.

அபூதாஹிரின் மரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். பிறகு சபை உறுப்பினர்கள். இறக்கக்கண்டியில் கந்தப்போடி என்று ஒருவர், பாரிசவாதம் விழுந்து பாயில் கிடக்கிறார். மரியாதைக்காகப் பெயரை வைத்திருக்கிறோம். அவரைப் பற்றித்தான் ஆகக் கூடுதலாகக் கேட்டார்கள். ஏன் கூட்டங்களுக்கு வருவதில்லை? உண்மையிலே படுக்கையா, எந்த டொக்டர் பார்த்தார்? வீடு கடற்கரைப் பக்கமா? இரவில் வீட்டுக்கு யாரும் வந்துபோகிறார்களா? வராத மனிதர்மேல்தான் இவர்களுக்குச் சந்தேகம் என்று எனக்கு விளங்கியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷமாக இருந்தது. அடுத்தது என்னுடைய ஆள்தான். "அதை நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்ற பதிலை வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன்.

அதிகாரி பேனையை மூடினார். அனுமதி தருவதில் தடையில்லை என்றார். பிறகு, மறந்துபோன சின்ன வேலையைச் சொல்வதுபோல, இரண்டாவது பெயரை விரலால் தொட்டுக்காட்டி மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார்.

"செயலாளருக்கு வேற ஆளைப் போடட்டாம். கிழமை முடியமுதல் பெயரக் குடுத்தாக் காணும்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"ஏன், இவருக்கு என்ன?"

அப்போதுதான் அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். கோபப் பார்வையல்ல. செத்த வீட்டு வாசலில் என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்பார்களே, அந்தப் பார்வை. மெதுவாக ஒரு வசனம் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களம் அதற்குப் போதும். கையெழுத்து வைக்க வரக்கூடிய ஒருவரைப் போடுங்கள் என்றார்.

"அவரால வர ஏலாதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. எங்கள் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பும் வழியில் கடல் சாதாரணமாக இருந்தது. கடற்படைப் படகொன்று போனது. அபூதாஹிர் நடையைத் தளர்த்தி என் பக்கம் திரும்பினார்.

"ரீச்சர், நீங்க குடுத்த முறைப்பாட்டுல பாத்திருப்பாங்க. காணாமப் போனவர் எண்டு அதுல இருக்கும்தானே."

"முறைப்பாடு குடுக்கேக்க அந்தப் பெயரே தெரியாதெண்டவங்கள், அபூதாஹிர் நானா. சரி, காணாமப் போனவர் எண்டே வைச்சுக்கொள்ளுவம். அப்ப ஏன் கேக்கேல்லை? திரும்பி வந்தவரோ, கடிதம் போட்டவரோ, இயக்கத்தோட காட்டுக்குப் போனவரோ எண்டு ஒண்டாவது கேக்கவேண்டாமோ? பாயில கிடக்கிற கந்தப்போடியரத் தோண்டித் தோண்டிக் கேட்டாங்கள். நீங்களும் பாத்தனீங்கள்."

 அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு அறபில் எதையோ முணுமுணுத்தார். மௌத்துச் செய்தி, சாவுச் செய்தி, கேட்டால் அவர்கள் சொல்லுகிற வார்த்தை அது. எனக்குத் தெரியும். கேட்காதவள்போல் நடந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு நல்லம்மாவின் நினைவு வந்தது. அவளுடைய மகன் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டான். இராணுவத்தின் ஒவ்வொரு சுற்றிவளைப்பிலும் அவள் வீட்டு வாசலில் நின்று உன் மகன் எங்கே, எப்போது வந்தான் என்று கேட்டுக் கேட்டு அவளை உருக்குலைத்தார்கள். என் வீட்டுக்கும் வருவார்கள். அறைகளைப் பார்ப்பார்கள், குசினியைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். உன் புருஷன் எங்கே என்று ஒருதரமாவது கேட்டதில்லை. ரீச்சர் என்ற மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். அதை நல்லம்மாவிடம் கொஞ்சம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

நடுவீதியில் நின்றுவிட்டேன். அபூதாஹிர் பின்னால் நின்றுகொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை.

நூதனசாலையில் எல்லாரும் காத்திருந்தார்கள். கதிர்காமத்தம்பி கடையிலிருந்து வடை எடுப்பித்து வைத்திருந்தார். அனுமதி கிடைத்துவிட்டது என்று அபூதாஹிர் சொன்னதும் மண்டபம் கலகலத்தது. கந்தப்போடியரைப் பற்றி இவ்வளவு கேட்டார்களா என்று சிரித்தார்கள். நான் மேசைக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்தேன். சத்தம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. கதிர்காமத்தம்பி என் பக்கம் குனிந்தார்.

"ஆனந்தராசாவப் பற்றி என்ன கேட்டவங்கள், ரீச்சர்?"

"ஒண்டும் கேக்கேல்லை."

"ஒண்டுமோ?"

"ஒண்டும்."

அதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் இந்த ஊரில் சீவித்தவர்கள். சின்னப்போடி கையிலிருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

உறுப்பினர் ஒருவர் இறந்த செய்தி வந்தால் எழுந்து மௌனமாக நிற்பது எந்தச் சங்கத்திலும் உள்ள வழக்கம். கதிர்காமத்தம்பி மேசையில் கையூன்றி அரைவாசி எழும்பினார். என் முகத்தைப் பார்த்தார், திரும்ப இருந்துவிட்டார். மற்றவர்களும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷமாக இவர்களை என் வாயால் வெருட்டி வைத்திருந்தேன். என் புருஷனை இறந்தவராக்க இந்தச் சங்கத்தில் யாருக்கும் துணிவு கிடையாது. நான் இப்படியே இருந்தால் அவர்களும் ஊரடங்கு நேரம்வரை இப்படியே இருப்பார்கள், அடுத்த வருஷமும் அவரையே தெரிவார்கள், ஒருவரும் எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டார்கள். இருந்துவிடலாமா என்று ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசையை நான் வாழ்க்கையில் எதற்கும் பட்டதில்லை.

கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பி நின்றேன். அதன்பிறகுதான் மற்றவர்கள் எழும்பினார்கள்.