ஜோடி ஸ்பீக்கரின் விலை

பல் டாக்டர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கடைக்காரர் புது ஸ்பீக்கர் ஜோடியில் பாட்டைப் போட்டார். அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்தபடி மனசுக்குள் வேண்டாத தெய்வமில்லை.

டாக்டர் ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும். ஞாயிறுதோறும் அவர் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்கிற நண்பர் கூட்டம் மொத்தமும் இந்தக் கடைக்கு வரும். உதட்டைப் பிதுக்கினாரோ, கடைக்கு மூடுவிழாதான். செல்போன் கடை வைக்கப்போகிற ஒருவரைக் கட்டடச் சொந்தக்காரர் ஏற்கெனவே கூட்டி வந்து, இவர்கள் இருக்கும்போதே சுவரையெல்லாம் தட்டிக் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

எல்லாம் இந்த வரியால் வந்த வினை. வெளிநாட்டிலிருந்து முழுசாக வரும் ஸ்பீக்கருக்கு இறக்குமதி வரியை ஏற்றினார்களோ இல்லையோ, விலை மூன்றில் ஒரு பங்கு எகிறிவிட்டது. வந்தவர்கள் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, சும்மா பார்க்க வந்தோம் என்று நழுவினார்கள். கடைக்காரர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவள்தான் யோசனை சொன்னாள். முழுசாக வந்தால்தானே இந்த வரி? உள்ளே இருக்கிற உதிரிகளை மட்டும் வரவழைப்போம், மரப்பெட்டியைத் தெரிந்த தச்சரிடம் செய்துகொள்வோம், பூட்டுவதா பெரிய வித்தை?

பெரிய வித்தைதான் என்று பிறகு தெரிந்தது. படுக்கையறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, யூடியூபைப் பார்த்துப் பார்த்து, வயருக்கு ஈயம் பற்றவைக்கிற சால்டரில் விரலைச் சுட்டுக்கொண்டு பூட்டினாள். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்பார். அதோடு சரி.

விலை வைக்கும்போது சண்டை வந்தது. செலவுக்கு மேல் கொஞ்சம் லாபம் வைத்தால் போதும் என்றாள் அவள். "ஊரே வரியைச் சொல்லி விலையை ஏத்தியிருக்கு. நாம மட்டும் கம்மியாக் குடுத்தா மட்டமான சரக்குன்னு நெனைப்பாங்க" என்றார் அவர். கட்டாத வரியும் விலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பாட்டுப் பாதியில் டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"என்னய்யா இது, டிரம் சத்தமே காணோம்? பாடறவரு பக்கத்து ரூம்ல நின்னு பாடற மாதிரி இருக்கு."

"புதுசு இல்லையா டாக்டர், ஓட ஓடச் சரியாயிடும்" என்று கடைக்காரர் அசடு வழிந்தார்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் இரண்டையும் சேர்த்து வைக்க இடமில்லாமல் ஒவ்வொன்றாகத்தான் ஓடவிட்டுக் கேட்டிருந்தாள். தனித்தனியாக இரண்டும் சொக்கத்தங்கம். சேர்ந்தால்தான், ஒன்று தள்ளுகிறபோது மற்றது இழுக்கிறது. ஒரு பெட்டிக்குள் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் பூட்டியிருக்கிறாள், பாவி! டாக்டர் எழுந்து கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார்."

"நீ எதையாவது நோண்டி வைக்காதே" என்று கடைக்காரர் பல்லைக் கடித்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடது பெட்டிக்குப் பின்னால் குனிந்து இரண்டு வயர்களையும் கழற்றி மாற்றி மாட்டினாள். மறுபடி பாட்டைப் போட்டதும் டிரம் நெஞ்சில் வந்து மோதியது. டாக்டர் மறுபடி சோபாவில் உட்கார்ந்தார். விரல்கள் சோபாவின் கையில் தாளம் போட்டன.

"வயர் மாறியிருந்துச்சு சார்" என்றாள். விஷயம் அதோடு முடிந்திருக்கலாம்.

"பலே! ஆனா விலைதான் உதைக்குது. இதுல வரி எவ்வளவு?"

"நாலுல ஒரு பங்கு வரிக்கே போயிடுது டாக்டர். நாங்க என்ன பண்றது?" கடைக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அரசாங்கத்துக்குப் போறதுல நாம என்ன பேச முடியும்!" டாக்டர் பெருமூச்சோடு கார்டை எடுத்தார்.

இந்தப் பொய்யை அவருடைய நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் தானும் கல்லாவில் உட்கார்ந்து கேட்கவேண்டும். அவளால் முடியாது.

"அதுல அந்த வரி இல்ல சார்."

கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

"இது வெளியிலேர்ந்து முழுசா வந்ததில்ல. உதிரிதான் வந்துச்சு. நான்தான் வீட்டுல பூட்டினேன். அதான் வயர் மாறிப்போச்சு."

டாக்டரின் கை அப்படியே நின்றது. "அப்ப அந்தக் காசு எதுக்கு?"

குறைத்துக்கொள்கிறோம் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"அது என் கூலி."

சொன்ன அவளே திடுக்கிட்டாள். ஆனால் சொன்னது பொய்யில்லை என்று உடனே தெரிந்தது.

டாக்டர் சிரித்துவிட்டார். கார்டு பைக்குள் திரும்பப் போயிற்று. "வரின்னா வாயைத் திறக்காமக் குடுத்துட்டுப் போயிருப்பேன். கூலின்னா பாதியாக் குறைச்சுக்கலாமே?"

அவளுக்குச் சுருக்கென்றது. "கண்ணுல பாக்காதவங்களுக்கு முழுசாக் குடுப்பீங்க, எதிர்ல நிக்கிறவளுக்குப் பாதியா? குறையாது சார்."

டாக்டர் கடைக்காரரைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். விலையை எவ்வளவு ஏற்றி வைத்தாலும், ஆள் எதிரில் நின்று கேட்டால் தள்ளுபடி சொல்லிவிடுகிற மனிதர். இப்போது ஒரு ரூபாய் குறைத்தாலும் இனி அந்தப் படுக்கையறைத் தரையில் பூட்ட உட்காரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். கடை போனால் போகட்டும்.

கடைக்காரர் டாக்டர் பக்கம் திரும்பினார். "பூட்டினவ அவ. விலையை அவதான் சொல்லணும் டாக்டர்."

டாக்டர் பாட்டை முதலிலிருந்து வைக்கச் சொன்னார். முடிந்ததும் அவளிடம் திரும்பினார்.

"ரிப்பேர்னா யாரு வருவா?"

"நானே வருவேன்."

"சரி, வண்டியில ஏத்துங்க."

கார் தெருமுனை திரும்பியதும் கடைக்காரர் சோபாவில் பொத்தென்று விழுந்தார்.

"கூலின்னு ஒண்ணு இருக்குன்னு எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எப்பங்க கேட்டீங்க?" என்றாள் அவள்.