பள்ளத்துக்கு இறங்கிய பன்றித்தலை

உய்ஜங்பு ஊர்ச் சந்தைக் கடைக்காரர்களின் மலையேறும் சங்கத்தில் சட்டம் என்று எழுதி வைத்தது ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு வழக்கம் உண்டு. வருடத்தின் முதல் நடையில் மலைச்சாமிக்கு வேகவைத்த பன்றித்தலை படைப்பார்கள். சிரித்த முகமாகப் பார்த்து வாங்கிய அந்தத் தலையைச் சங்கத் தலைவர் தன் முதுகில் சுமந்து போக வேண்டும். எந்த வருடம் சுமக்க முடியவில்லையோ அந்த வருடத்தோடு பதவி போச்சு.

பியோ தல்சு அந்தப் பதவியை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். இரும்புக்கடையை மகன் வாங்கிக்கொண்டான். வீட்டில் டிவி ரிமோட்டை மனைவி உல்சுன் வாங்கிக்கொண்டாள். "தலைவரே" என்று நாலு பேர் கூப்பிட மிச்சமிருந்தது இந்தச் சங்கம் ஒன்றுதான். வந்ததே சனியன், வலது முட்டியில்! தேய்ந்து போச்சு, மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதை உல்சுனைத் தவிர ஒருவரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

ஆகவே இந்த வருடம் மலைச்சாமி அவர் கனவில் வந்தார்.

"எப்பப் பாத்தாலும் உச்சியிலயே குடுக்கறீங்களே, ஆத்துப் பக்கமும் கொஞ்சம் வாங்கடான்னு கேட்டாரு. ஹன்டன் ஆத்துப் பள்ளத்தாக்குக்குப் போவோம்" என்றார் தல்சு.

"அது கொழந்தைங்க நடக்கற பாதையாச்சே, தலைவரே?" என்றார் உபதலைவர் சாங்பே. சந்தையில் மீன்கடைக்காரர், ஆள் கட்டுமஸ்து.

"சாமிக்கு நீ புத்தி சொல்றியா?"



மார்ச் மாத ஞாயிறு. ஆற்றோரம் சமதரையில் நடப்பதற்குச் சங்கத்தார் இமயமலைக்குப் போகிறவர்கள் மாதிரி வந்து இறங்கினார்கள். பனிக்கோடரி ஒன்றுதான் குறை. தல்சு பன்றித்தலைப் பையை முதுகில் மாட்டினார். சாங்பே வருடா வருடம் கேட்பதை இந்த வருடமும் கேட்டார்.

"கனமா இருந்தா என்கிட்ட குடுங்க, தலைவரே."

'பதவிக்கு அலையற பய' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு, "எனக்கென்ன கேடு?" என்றார் தல்சு.

ஆனால் காலமெல்லாம் மலை ஏறியவருக்குப் பள்ளத்தாக்கின் கணக்கு தெரியவில்லை. மலையில் ஏற்றம் முதலில் வரும். இங்கே இறக்கம் முதலில். பாதை சமதரைதான், யார் இல்லை என்றது? அந்தப் பாதை ஆற்றங்கரையில் கிடந்தது. அங்கே போய்ச் சேர, எரிமலைக் குழம்பு ஆறி எழும்பிய கருங்கல் தூண்களை ஒட்டி இரும்புப் படிக்கட்டு கிடுகிடுவென்று இறங்கியது. தேய்ந்த முட்டிக்கு ஏற்றமாவது தேவலை, இறக்கம்தான் எமன்.

பாதிப் படியில் முட்டி பூட்டிக்கொண்டது. தல்சு கம்பியைப் பிடித்தபடி, "ஆகா, தூணைப் பாத்தீங்களா? ஒவ்வொண்ணும் என்ன அழகு!" என்றார். பின்னால் மொத்தச் சங்கமும் நின்று தூணைப் பார்த்தது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதன் கல்லைப் பார்ப்பான்?

"என்ன தலைவரே, எறங்கலாமா?"

தல்சு சட்டென்று படியில் உட்கார்ந்தார். "ஆத்துல நாகராஜா இருக்காரு. அவரு வீட்டுக்குள்ள நிமிந்துகிட்டுப் போகக் கூடாது. உக்காந்துதான் எறங்கணும். அந்தக் காலத்து மொறை."

அப்படி ஒரு முறை எந்தக் காலத்திலும் கிடையாது. என்றாலும் தலைவர் சொல்லிவிட்டாரே! விலை உயர்ந்த கால்சட்டைகளோடு எல்லோரும் படிப்படியாகப் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார்கள். ரப்பர் செருப்பு போட்ட ஒரு சிறுமி அவர்களைத் தாண்டித் துள்ளிக்கொண்டு ஓடினாள்.

"நாசமாப் போன கெழவா" என்று முணுமுணுத்தபடி, சங்கத்தாரோடு வந்திருந்த உல்சுனும் உட்கார்ந்தே இறங்கினாள். கள் டப்பாக்கள், அரிசிப் பணியாரம், பழம், பாய் எல்லாம் அவள் முதுகில்.

ஆற்றங்கரையில் பாயை விரித்துப் படையல் வைத்தார்கள். பன்றி நன்றாகவே சிரித்தது. அதன் வாயில் நோட்டுகளைச் செருகினார்கள். தல்சு முன்னால், பக்கத்தில் சாங்பே, பின்னால் சங்கத்தார். மண்டியிட்டு, நெற்றி பாயில் பட விழுந்து கும்பிட வேண்டும். தலைவர் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழலாம்.

தல்சு விழுந்தார். விழுவதில் ஒரு சிரமமும் இல்லை. எழத்தான் முடியவில்லை.

ஆறு சலசலத்தது. எவரோ இருமினார்கள். பாய்க்கு அடியில் ஒரு கல் தல்சுவின் நல்ல முட்டியையும் குத்தியது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. வீட்டில் உட்கார்ந்து மருமகளுக்குப் பூண்டு உரித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

"தலைவரே" என்று நெற்றியைப் பாயில் வைத்தபடியே சாங்பே கிசுகிசுத்தார். "என்ன ஆச்சு?"

"சாமிகிட்ட பேசிட்டிருக்கேன். சும்மா கெட."

"முட்டியா?"

தல்சு கையை ஊன்றி எழப் பார்த்தார். இடுப்புகூட நகரவில்லை.

"நான் தூக்கிவிடறேன்."

"வேணாம்டா, எல்லாரும் பாப்பாங்க."

"எவன் பாப்பான்? அத்தன பேரும் மூஞ்சியக் கவுத்துக் கெடக்கறாங்க. நீங்க எந்திரிச்சாத்தானே அவங்க தலையத் தூக்க முடியும்?"

அக்குளில் ஒரு கை நுழைந்தது. மீன்கூடை தூக்கிப் பழகிய கை. தல்சு நிமிர்ந்து நின்றார். சாங்பே மறுபடி குப்புற விழுந்துவிட்டார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. சங்கத்தார் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கும் தெரியாது.

பன்றித்தலையை வெட்டிப் பங்கு வைக்கும் முன், அடுத்த வருடம் யார் சுமப்பது என்று தலைவர் சொல்ல வேண்டும். எப்போதும் "நானே" என்பார், எல்லோரும் கை தட்டுவார்கள். தல்சு சாங்பேயைப் பார்த்தார். இத்தனை வருடம் இவனைப் போய்த் திட்டினோமே என்று வெட்கமாக இருந்தது.

"அடுத்த வருசம் சாங்பே சுமப்பான்" என்றார்.

சாங்பேயின் முகம் வெளிறியது. "ஐயையோ, நானா? முதுகுத்தண்டுல போன மாசந்தான் ஊசி போட்டேன், தலைவரே! இப்ப உங்களத் தூக்கினதே..." என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்பறம் எதுக்குடா வருசா வருசம் குடுங்க குடுங்கன்னு கேட்ட?"

"ஒரு மரியாதைக்குக் கேட்டேன். நீங்கதான் குடுக்கவே மாட்டீங்களே! அந்த தைரியத்துல கேட்டேன்."

தல்சு மற்றவர்களைப் பார்த்தார். ஒருவன் தூணைப் பார்த்தான். ஒருவன் ஷூ நாடாவைக் கட்டினான். முதல் முறையாக அவருக்குப் பயமாக இருந்தது, பதவிக்காக அல்ல, சங்கத்துக்காக.

"தள்ளுங்க" என்றாள் உல்சுன். தலைவர் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "வருசா வருசம் இந்தக் கள்ளையும் பணியாரத்தையும் சாமியா தூக்கிட்டு வந்துச்சு? பன்னித்தலைய விட இது கனம். எவனாவது ஒருத்தன் குடும்மான்னு கேட்டீங்களா?"

ஷூ நாடா கட்டியவன் மறுபடியும் குனிந்து அதையே கட்டினான்.

"இனிமே நான் சொல்றதக் கேளுங்க. இவருக்கு முட்டி போச்சு. ரெண்டு பேரு ரெண்டு பக்கம் பிடிச்சு மேல ஏத்துங்க. மிச்சப் பேரு பாயச் சுருட்டுங்க."

இத்தனை நாள் மூடி மூடி வைத்த விஷயத்தை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாளே என்று தல்சுவுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் தோளுக்கு ஒன்றாக இரண்டு பேர் வந்து தாங்கியதும், வலதுகாலைத் தரையில் ஊன்றாமல் நின்ற அந்தச் சுகத்தில், கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை.

படி ஏறினார்கள். உல்சுன் முன்னால் விடுவிடுவென்று போனாள். இடது பக்கம் தாங்கியவர் தன் முதுகைப் பிடித்துக்கொண்டு புஸ்புஸ் என்று மூச்சு வாங்கினார். வேறு யார், சாங்பேதான்.

"கொஞ்சம் நின்னு போலாமா, தலைவரே?"

"தலைவரு அதோ முன்னாடி போறா" என்றார் தல்சு. "அவகிட்ட கேளு."