ஷோகென் ஆண்டின் சிம்மாசனம்

என் தம்பி சைலஸுக்கு முப்பத்து மூன்று வயது. பதினோரு வயது ராஜாவாக நடிப்பதற்காக மீசையை மழித்துக்கொண்டு வந்து நின்றான். எங்கள் ஊரான ஊரிகமே சிரித்தது. அப்பா மட்டும், "பச்சப் புள்ள மாதிரியே கீறான் பாரு" என்று உருகினார். எனக்கு வயிறு எரிந்தது.

கதையைக் கொண்டுவந்ததும் அவன்தான். பெங்களூரில் ஜப்பான்காரர்கள் நடத்தும் கம்பெனியில் வேலை. அங்கே யாரோ சொன்னார்களாம். ஏழரை நூற்றாண்டுக்கு முன் ஜப்பானில் பஞ்சமும் நோயும் ஜனங்களை அள்ளிக்கொண்டு போயின. காலம் மாறட்டும் என்று ஆண்டுக்கே ஒரு புதுப் பெயர் வைத்தார்கள், ஷோகென் என்று. அது ஓராண்டும் சொச்சமும்தான் நிலைத்தது. அதற்குள் அரண்மனையில் ஒரு காரியம் நடந்துவிட்டது. பட்டத்தைத் துறந்த பிறகும் அதிகாரத்தை விடாத ஓர் அப்பா, அரியணையில் இருந்த பதினேழு வயது மூத்த மகனை இறக்கிவிட்டு, செல்லமான இளையவனை உட்காரவைத்தார்.

"இந்த வருஷம் இதான்டா நம்ம நாடகம்" என்றார் என் அப்பா கிளாரன்ஸ்.

சுரங்கத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய நாடகக் குழு எங்களுடையது. அதில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் விலகும் வருடம், கடைசிக் காட்சியில் யாரைச் சிம்மாசனத்தில் உட்காரவைக்கிறாரோ அவர்தான் அடுத்த தலைவர். கூட்டம், ஓட்டு எதுவும் கிடையாது. அப்பாவுக்கும் தலைமை அப்படித்தான் வந்தது. இப்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது, விலகுகிறார். பட்டம் துறந்த ராஜா அப்பா, இளைய ராஜா சைலஸ், இறக்கிவிடப்படும் மூத்த ராஜா நான். இதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது நான். ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் அலைவது நான். சைலஸ் ஞாயிற்றுக்கிழமை வருவான். அவன் வந்தால் வீட்டில் மட்டன், வாங்கி வருவதும் நான். கடைசி ஒத்திகைக்குள் அப்பாவின் மனசு மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை.

நாடகத்தன்று மைசூர் மைன்ஸ் சுரங்க மைதானத்தில் நல்ல கூட்டம். கடைசிக் காட்சியில் அப்பா கையை நீட்டினார். "மகனே, இறங்கு. நாட்டின் நன்மைக்காக உன் தம்பிக்கு வழிவிடு."

நான் எழவில்லை.

"இறங்கு, மகனே!"

தலைக்கு மேலே மைக் தொங்கியதையே மறந்துவிட்டேன். "நா இன்னா தப்பு பண்ணேன்? அத்தச் சொல்லிட்டு எறக்கு!"

மைதானம் கைதட்டலில் அதிர்ந்தது. நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் பக்கத்து வீட்டுப் பாக்கியவதி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஒருவர் மேடையேறி என் கழுத்தில் மாலையே போட்டுவிட்டார். எங்கள் ஊரில் நடிப்பு பிடித்துவிட்டால் காட்சி முடியும்வரை யாரும் பொறுக்க மாட்டார்கள்.

அந்த ஆரவாரத்தில் அப்பா என் காதருகே குனிந்தார். "நீ ஒண்ணும் பண்ணலடா ஜெயகரா. நீ எங்கயும் போமாட்ட. அவன இப்பிடி கட்டிப்போடலன்னா ஞாயித்துக்கெழமகூட வரமாட்டான்."

ஆக, கூடவே இருந்ததுதான் நான் செய்த தப்பு. ஊரைவிட்டு ஓடியிருந்தால் என்னையும் கெஞ்சிக் கூப்பிட்டு உட்காரவைத்திருப்பார். எழுந்து நின்றேன்.

சைலஸ் வந்தான். என்னைக் கடக்கும்போது உதடு அசையாமல் முணுமுணுத்தான். "எனக்கு வேணாம்னு எத்தினி வாட்டி சொன்னேன் தெரியுமாண்ணா? மார்ச்ல நா ஜப்பானுக்கே போறேன். அங்கதான் இனிமே. அப்பாகிட்ட நீதான் பக்குவமா சொல்லணும்."

அவன் உட்கார்ந்தான். அப்பா அவன் தலையில் கிரீடத்தை வைத்தார். எனக்கு இன்னும் ஒரு வசனம் பாக்கி இருந்தது.

"என் தம்பி இங்கேயே நீடூழி ஆள்க!"

கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். அப்பாவின் கண் நிறைந்து வழிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவனைத்தான்.