தெருவே தன்மேல் சொன்ன ஆட்சேபணை

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. எந்தப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னாலும் வைக்கலாம். கனமான புத்தகம் என்றால் இரண்டு கையையும் வைக்கலாம்.

பஞ்சர் கடைக்காரருக்கு வீடும் கடையும் ஒன்றுதான். முன்பக்கம் டியூப் தொங்கும், பின்பக்கம் துணி தொங்கும், நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் அவர் மனைவி மிஷினில் பை தைத்துக்கொண்டிருப்பாள். அந்த மிஷின் நின்றால் தெருவில் பலருக்குத் தூக்கம் கலைந்துவிடும். அப்படிப் பழகிப்போயிருந்தது.

புதிதாக வரும் சாலை அந்தத் தெருவின் வழியாகத்தான் போக வேண்டும் என்று எங்கோ உட்கார்ந்து யாரோ முடிவு செய்திருந்தார்கள். அளக்க வந்தவர்கள் சமையலறைவரை வந்து, சாலையின் நடுக்கோடு சரியாக அடுப்பின் மேல் விழுகிறது என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். சாலை வேண்டுமா, வீடுகள் வேண்டுமா என்பதைத் தெருவில் குடியிருப்பவர்களே ஓட்டுப் போட்டுச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. தெரு முழுக்க ஒரே கட்சி. எதிர்க்கட்சி என்று இருந்தது ஒரே ஒருவர்: தெருக்கோடியில் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர். சாலை வந்தால் அவருடைய வீடு மட்டும் இடிபடாமல் சாலையைப் பார்த்து நிற்கும். எதற்கும் அவசரப்படாத மனிதர் என்பதால் அவருக்குப் ‘பொறுமை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பயம் வந்தது சட்டத்தால். ஓட்டுப் போட வருகிறவரைப் பார்த்து, “இவர் இங்கே குடியில்லை” என்று யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை சொல்லலாம். சொல்லப்பட்டவர், தன்னைத் தெரிந்த ஒருவரைச் சாட்சிக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். பக்கத்துத் தெருவில் ஓட்டெடுப்பு நடந்தபோது இப்படி ஒவ்வொருவராக நிறுத்தி நிறுத்தி விசாரித்ததில், வரிசையில் நின்ற ஒருவர் நின்றபடியே சட்டையில் ஒரு சைஸ் இளைத்துப்போனார். அவர் முறை வரும்போது கதவைச் சாத்திவிட்டார்கள்.

பஞ்சர்காரரின் மச்சான் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கிறவன். அடித்த அடியில் மேஜை நகர்ந்து நகர்ந்து வாசலுக்குப் போய்விடும். பிடித்து இழுத்து வருவார்கள். அவன் சொன்னான்:

“மாமா, ஒரு ஆள்மேல ஒரு தடவைதான் ஆட்சேபணை சொல்ல முடியும். அந்தப் பிரிவை நானே எத்தனை தடவை அடிச்சிருக்கேன் தெரியுமா?”

“முழுசா படிச்சிருக்கியா மாப்ளே?”

“படிச்சா வேகம் போயிடும் மாமா.”

பஞ்சர்காரர் மூளையில் பளிச்சென்றது. எதிரி சொல்வதற்கு முன்னால் நாமே ஒருத்தர்மேல் ஒருத்தர் சொல்லிவிட்டால்? அப்புறம், தெரிந்தவன்தான், தப்பாச் சொல்லிட்டேன் என்று வாபஸ் வாங்கிவிட்டால்? ஓட்டை விழுவதற்கு முன்னாலேயே டியூப் முழுக்க ஒட்டிவிடுகிற மாதிரி! தொழிலில் அவர் இதுவரை செய்யாத காரியம். தெருவே மெச்சியது. பால்காரர் அவரைக் கட்டிப்பிடித்தார்.

மனைவி மட்டும் மிஷினை நிறுத்தவில்லை.

“நான் வரமாட்டேங்க. நான் இங்க இல்லைன்னு யார் வாயாலயும் கேட்க எனக்கு இஷ்டமில்லை. விளையாட்டுக்குக்கூட.”

“ஒரு பேச்சுக்குத்தானே?”

“பேச்சுக்குத்தான் சொல்றேன்.”

விடிந்ததும் பள்ளிக்கூடத்தில் ஓட்டெடுப்பு. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகள், சரியாக அழிக்காத கரும்பலகை. அதிகாரியாக வந்திருந்தவர் ஒரு கணக்கு டீச்சர். கதவு திறந்ததுமே தெரு உள்ளே பாய்ந்தது. சலூன்காரர் பால்காரரை ஆட்சேபித்தார். பால்காரர் பிளம்பரை ஆட்சேபித்தார். மச்சான் மாமாவையும், மாமா மச்சானையும் ஒரே மூச்சில் ஆட்சேபித்துக்கொண்டார்கள்.

“இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை!” என்றார் பிளம்பர், தன் சொந்தச் சம்பந்தியைக் காட்டி. சம்பந்தி கொஞ்சம் கண் கலங்கினார். பிளம்பர் குரலில் அவ்வளவு உண்மை இருந்தது.

“ஒரே மாதிரி கணக்கா இருக்கு, மொத்தமா வாங்கிக்கிறேன்,” என்றார் டீச்சர். “அப்புறம் ஒவ்வொண்ணா விசாரிக்கலாம்.”

இந்தக் களேபரத்தில் ‘பொறுமை’ வந்ததை யாரும் பார்க்கவில்லை. வந்தார், ஓட்டுப் போட்டார், ஏஜெண்டுக்குப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் சாப்பாட்டு டப்பா. நாள் முழுக்க ஆட்சேபிக்கத் தயாராக வந்தவருக்கு வேலையே இல்லை.

“சரி மேடம், நாங்க எல்லாரும் வாபஸ்,” என்றார் பஞ்சர்காரர்.

டீச்சர் சட்டத்தைத் திறந்து படித்தார். அவர் படிக்கிற பழக்கமுள்ளவர்.

“வாபஸ் கிடையாதுங்க. சொன்னா விசாரிச்சே ஆகணும். சாட்சி கூப்பிடுங்க. சாட்சி இந்தத் தெருக்காரரா இருக்கணும், உறவுக்காரரா இருக்கக்கூடாது...” கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக முடித்தார். “சாட்சிமேல ஆட்சேபணை நிலுவையில இருக்கக்கூடாது.”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பஞ்சர்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

வேறு வழியில்லாமல் அவர் அந்தப் பெஞ்சருகே போனார்.

“சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். என்னைத் தெரியும்தானே? போன வாரம்கூட உங்க வண்டிக்குப் பின் டயர்...”

‘பொறுமை’ நிதானமாக யோசித்தார். “டயர் ஞாபகம் இருக்கு,” என்றார். “ஆள் ஞாபகம் இல்லையேப்பா.”

“அவர் மேலேயே ஆட்சேபணை சொல்லுங்கய்யா!” என்று பால்காரர் கத்தினார். ஓட்டுப் போட்டு முடித்தவர்மேல் சொல்ல முடியாது என்றார் டீச்சர். சொல்லும்போது அவர் பால்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் பஞ்சர்காரருக்கு மனைவியின் ஞாபகம் வந்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

“எழுந்திரு, உன்மேல மட்டும்தான் யாரும் எதுவும் சொல்லலை. நீ வந்து சொன்னா பால்காரர் ஓட்டு நிக்கும். அவர் வந்து எனக்குச் சொல்வார். நான் மத்தவங்களுக்கு...”

அவள் ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். 

அவள் வகுப்பறைக்குள் நுழைந்ததும் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. டீச்சரே எழுந்து நின்றுவிட்டார். “வாங்கம்மா. இந்தப் பால்காரரைத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும். பாதி தண்ணி.”

எல்லோரும் சிரித்தார்கள். பால்காரரும்தான். அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்தவர்போல ‘பொறுமை’ எழுந்தார். காலையிலிருந்து அப்போதுதான் எழுந்தார்.

“ஆட்சேபணை. இந்தம்மா இந்தத் தெருவில குடியில்லை.”

“பின்ன நான் எங்க இருக்கேன்?” என்றாள் அவள்.

“அதைத்தான் விசாரிக்கணும்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

டீச்சர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “இவங்களைத் தெரிஞ்சவங்க யாராவது?” என்று கேட்டார். தெரு மொத்தமும் கை தூக்கியது. அந்தக் கைகளில் ஒன்றைக்கூட அவரால் கணக்கில் சேர்க்க முடியவில்லை. யாரும் கையை இறக்கவும் இல்லை. வெயில் சாய்ந்தது, கரும்பலகையில் நிழல் விழுந்தது, கைகள் மரத்துப்போயின. வாட்ச்மேன் வந்து சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கடைசியில் டீச்சர்தான், “இறக்கிடுங்க... தயவு செஞ்சு இறக்கிடுங்க,” என்றார்.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரே ஒரு சீட்டு இருந்தது. சாலை வென்றது.

திரும்பி நடக்கையில் பஞ்சர்காரர் சொன்னார், “என் புத்தியாலதான் எல்லாம் போச்சு.”

 வாசலுக்கு வந்ததும் அவள் பூட்டைத் திறக்காமல் நின்றாள்.

“அவன் அப்படிச் சொன்னப்ப எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகமாயிடுச்சுங்க,” என்றாள். “நிஜமா நாம இங்கதான் இருந்தோமான்னு.”

அவர் சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தார்.  திரையை விலக்கி உள்ளே போய், இருட்டில் அடுப்பின் பக்கத்தில், நடுக்கோடு வரப்போகிற இடத்தில், இருவரும் உட்கார்ந்தார்கள். மிஷின் ஓடாததால் அன்று தெருவில் யாரும் தூங்கவில்லை. ஒருவர்கூட அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவும் இல்லை. காலையில் சொன்னது ஒவ்வொருவர் காதிலும் இன்னும் இருந்தது.

இப்போது புத்தகத்தின் மேலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொல்கிறேன்: அந்தச் சாலைக்காக அந்தத் தெருவில் எந்த ஓட்டெடுப்பும் நடக்கவில்லை. யாரையும் எதுவும் கேட்காமல்தான் இடித்தார்கள்.