பச்சைப் புள்ளி

அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று தெரிந்த அன்றே, இது எனக்கென்றே செய்த வேலை என்று முடிவு செய்துவிட்டேன். மென்பொருள் சோதனையில் பதினான்கு வருடம். ஒரு செயலியை என் கையில் கொடுத்தால், அது எந்த இடத்தில் இடறி விழும் என்று அரை நாளில் சொல்லிவிடுவேன். சம்பளம் இல்லாவிட்டாலும் இவள் இதைத்தான் செய்வாள் என்பார் என் கணவர்.

அந்த வேலைக்குத்தான் போன வருடம் வேட்டு வைத்தார்கள். எங்கள் கிளையை மூடிவிட்டு, ரயிலில் ஒரு நாள் தூரத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு எல்லோரையும் வரச் சொன்னார்கள். கணவருக்கு மருந்துக்கடை. அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வர முடியாது. மகள் ஐந்தாம் வகுப்பு. மாமனாருக்கு மூட்டுவலி. போவதென்றால் நான் மட்டும் போய்ப் பெண்கள் விடுதியில் தங்கி, மாதம் இரண்டு முறை சொந்த வீட்டுக்கே விருந்தாளி மாதிரி வந்துபோக வேண்டும்.

மேலாளர் நல்ல மனிதர். "உங்க இடத்தை அஞ்சு மாசம் வரைக்கும் காலியா வச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல," என்றார்.

ஐந்து மாதத்துக்குள் வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்றைப் பிடித்து, அதில் நிலைத்தும் விட வேண்டும். இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். இதை வீட்டில் எல்லோரிடமும் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டேன்.

முதல் மாதம் நாற்பத்திரண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். எல்லாம் கிணற்றில் போட்ட கல். நாற்பத்து மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம் எப்போதும் எனக்கு உதவியாகத்தான் இருந்திருக்கிறது. 'எனக்கு வேலை தெரியும், தெரியும்' என்று எத்தனை பேரிடம் சொல்வது? செய்தே காட்டிவிடலாம் என்று தோன்றியது. மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித் தரும் செயலி ஒன்றைச் செய்யும் சின்ன நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவர்களுக்கு அலுவலகம் என்பதே கிடையாது; ஐந்து நாடுகளில் ஏழு பேர், அவரவர் வீட்டில். இரண்டு நாள் அந்தச் செயலியை நோயாளியாகவும் வரவேற்பாளராகவும் டாக்டராகவும் மாறி மாறிப் போட்டு உருட்டினேன். ஐந்து பிழைகள் சிக்கின. எதை அழுத்தினேன், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று ஒவ்வொன்றையும் எழுதி அனுப்பி, அடியில் 'இதையே சம்பளத்துக்கும் செய்வேன்' என்று சேர்த்தேன்.

மறுநாளே பதில் வந்தது. 'வியாழக்கிழமை பேசலாமா?' அவ்வளவுதான், ஒரே வரி.

எழுதியவர் அந்தக் குழுவின் தலைவி. எங்கள் நேரத்துக்கு மூன்றரை மணி பின்னால் ஓடும் ஒரு நாட்டில் இருக்கிறார். நல்லவேளையாக நம் மொழிக்காரர். ஆனால் எழுத்தில் ஒரு வரிக்கு மேல் செலவழிக்க மாட்டார். எங்கள் வீட்டில் அவருக்கு ஒற்றைவரி என்றே பெயர் விழுந்துவிட்டது. வியாழக்கிழமை பேசி என்னைச் சேர்த்துக்கொண்டார்; மூன்று மாதம் சோதனைக் காலம், அதற்குப் பிறகு நிரந்தரம் என்றார். துணி தேய்க்கும் மேசையைப் படுக்கையறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். என் அலுவலகம் தயாரானது.

எங்கள் அரட்டைத் திரையில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி உண்டு. கணினியில் இருந்தால் பச்சை. பத்து நிமிடம் தொடாமல் விட்டால் மஞ்சள். முதல் நாள் வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது, "மஞ்சளாயிட்டா நான் தூங்குறேன்னு நினைச்சுக்குவாங்க," என்று விளையாட்டாகச் சொன்னேன். சொன்னதை அன்றே மறந்தும் விட்டேன்.

வேலை கைவந்த கலை. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. பழைய அலுவலகத்தில் பிழை கிடைத்தால், எழுந்து போய் அந்த நிரலை எழுதியவனின் மேசையருகே நின்று, "இங்க பாருங்க தம்பி," என்று காட்டிவிடுவேன். என் வாய்தான் என் கருவி. எழுதுவதெல்லாம் வேலை இல்லாதவர் வேலை என்பது என் எண்ணம். இங்கே தினமும் மாலையில் குழுப் பக்கத்தில் அன்று செய்ததை எழுத வேண்டும். நான் 'பதிவுப் பக்கம் சோதித்தேன். முடிந்தது' என்று இரண்டு வரி போட்டுவிட்டுக் கணினியைத் திறந்தபடியே விட்டு எழுந்துவிடுவேன். பகல் முழுக்க முதுகு ஒடிய உழைத்தேன் என்பது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஆறாவது வாரம் ஒற்றைவரி அழைத்தார். முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றார்.

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க," என்று தொடங்கினார். "உங்க புள்ளி காலையில எட்டு மணியிலேர்ந்து சாயங்காலம் ஏழரை வரைக்கும் பச்சையாவே இருக்கு. நடுவுல ஒரு நிமிஷம்கூட மஞ்சள் ஆகல. சாப்பிடுற நேரத்துலகூட. ஆனா நீங்க எழுதுறது ரெண்டு வரி. மவுஸை ஆட்டுறதுக்குன்னே ஒரு மிஷின் விக்கிறாங்களாமே. அது ஏதாவது வச்சிருக்கீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சத்தியமா இல்லைங்க," என்றேன்.

"சரி," என்றார். அந்தச் 'சரி'யில் நம்பிக்கை இல்லை. "இப்படியே போனா நிரந்தரம் ஆக்குறது கஷ்டம். யோசிச்சுப் பாருங்க."

பதினான்கு வருடத்தில் என்னை யாரும் ஏமாற்றுக்காரி என்று நினைத்ததில்லை. நான் எழுந்த பிறகும் புள்ளி பச்சையாகவே இருந்தால், வேறு யாரோ கணினியைத் தொடுகிறார்கள் என்றுதான் அர்த்தம். மறுநாள் மதியம், சாப்பிடப் போகிறேன் என்று சொல்லி வெளியே போய், ஐந்து நிமிடத்தில் சத்தமில்லாமல் திரும்பி வந்து அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

மாமனார் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் செய்தித்தாள். வலது கை மவுஸில். இரண்டு பத்தி படிப்பார், மவுஸை இப்படியும் அப்படியும் ஒரு ஆட்டு ஆட்டுவார், மறுபடி படிப்பார்.

"என்ன மாமா பண்றீங்க?"

அவர் பதறவில்லை. முப்பத்தொரு வருடம் ரயில்வே சிக்னல் கேபினில் இருந்தவர். "நீ எழுந்து போறப்பல்லாம் நான் வந்துடுவேம்மா. என் டூட்டில விளக்கு ஒருநாளும் மாறினதில்ல," என்றார். சாயங்காலம் நான் எழுந்த பிறகும் கடையிலிருந்து மகன் வரும்வரை உட்கார்ந்திருப்பாராம்.

"யாரு மாமா உங்களை இதைப் பண்ணச் சொன்னது?"

"யார் சொல்லணும்? இந்த வேலை போச்சுன்னா நீ ஊரை விட்டுப் போகணும்ல." செய்தித்தாளை மடித்தார். "குழந்தை ஏங்கிப் போயிடும்மா. நானுந்தான்."

இவரைத் திட்டவா முடியும்? என் வேலைக்கு உலை வைத்தவர், என்னைப் போகவிடக் கூடாது என்றுதான் அதைச் செய்திருக்கிறார். மூட்டுவலியோடு ஆறு வாரம்.

கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டார். பிறகு முகம் மாறியது. "இதை அங்க சொல்லிடாதே. எவன் நம்புவான்? கதை விடுறேன்னு சொல்லுவாங்க. நாளையிலேர்ந்து அப்பாவை உக்கார வேண்டாம்னு சொல்லிட்டா முடிஞ்சுது," என்றார்.

"அடுத்தவன் தப்பை மறைச்சு வச்சா நான் விடுவேனா? என் வீட்டுத் தப்புக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றேன்.

எழுதினேன். ஒற்றைவரிக்குத் தனியாக அல்ல, ஏழு பேரும் படிக்கும் குழுப் பக்கத்தில். ஒரு பிழையை எழுதுவது போலவே எழுதினேன்: என்ன நடந்தது, எப்படி நடந்தது, யார் செய்தது, ஏன் செய்தார், இனி நடக்காமலிருக்க என்ன ஏற்பாடு. எழுந்தால் கணினியைப் பூட்டுவேன். இந்த ஆறு வாரத்தில் உண்மையில் நான் சோதித்தவை இவை என்று நான்கு பக்கத்துக்குப் பட்டியலும் போட்டேன். அனுப்பிவிட்டு நகம் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஒற்றைவரி முதல்முறையாக இரண்டு வரி எழுதினார். 'உங்கள் மாமாவுக்கு ஓய்வு கொடுங்கள். நீங்கள் எழுதியிருந்தால் நான் புள்ளியைப் பார்த்திருக்கவே மாட்டேன்.'

படித்ததும் சுருக்கென்றது. உண்மைதானே. பார்ப்பதற்கு நான் வேறு எதையுமே அவருக்குக் கொடுக்கவில்லை. இந்த வேலையில் எழுத்துதான் நான். அது இல்லையென்றால் நான் அந்தக் குழுவில் இல்லவே இல்லை.

அன்றிலிருந்து எழுதத் தொடங்கினேன். பேச்சில் எப்படிக் காட்டுவேனோ அப்படியே எழுத்திலும். சும்மா சொல்லக் கூடாது, எழுத எழுத வேலையே கூர்மையானது. எழுத உட்காரும்போதுதான், இதை மட்டும் பார்த்தோமே, அதைப் பார்த்தோமா என்ற கேள்வி வரும்.

அப்படித்தான் அந்தப் பிழை சிக்கியது. பதினோராவது வாரம், புதிய பதிப்பு மறுநாள் வெளியாக வேண்டும். மாதாமாதம் ஒரே தேதியில் ஊசி போட வருகிறவர்களுக்குத் தானாகவே நேரம் ஒதுக்கும் வசதி அதில் இருந்தது. எல்லாத் தேதியும் சோதித்தாயிற்று என்று எழுதப் போனவள், 'எல்லாத் தேதியுமா?' என்று என்னையே கேட்டுக்கொண்டேன். முப்பத்தொன்றாம் தேதியைப் போட்டுப் பார்த்தேன். முப்பது நாள் உள்ள மாதங்களில் அந்த நோயாளிக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை. எச்சரிக்கையும் இல்லை. அந்த மாதம் அவர் ஊசி போடாமலேயே வீட்டில் இருந்துவிடுவார்.

அந்தப் பகுதிக்கு நிரல் எழுதியவர் உலகத்தின் மறுபக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். பழைய நானாக இருந்தால் அவர் எழும்வரை கையைப் பிசைந்துகொண்டிருந்திருப்பேன். இப்போது உட்கார்ந்து எழுதினேன். படிப்படியாக, படங்களோடு, எத்தனை நோயாளிகளுக்கு இது நடக்கும் என்ற கணக்கோடு. மேலே ஒரு வரி: 'இதைச் சரிசெய்யாமல் வெளியிடக் கூடாது. பொறுப்பு என்னுடையது.' கணினியைப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் பார்த்தபோது பிழை சரியாகியிருந்தது. நிரல் எழுதியவர் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. கேட்பதற்கு நான் எதையும் விட்டுவைக்கவில்லை. கீழே ஒற்றைவரி எழுதியிருந்தார். 'வேலை நிரந்தரம். கடிதம் மாலையில் வரும்.'

கடிதம் வந்த கையோடு பழைய மேலாளரை அழைத்து, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் செய்தியைச் சொன்னேன். மாமனார் இரண்டு முறை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். கணவர் கடையை அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே அடைத்துவிட்டார். மகள் மட்டும், "அப்ப நீ போகமாட்டியா?" என்று கேட்டாள். "போகமாட்டேன்," என்றேன். தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மறுநாள் காலை, குழுக் கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சீப்போடு வந்து நின்றாள்.

"ஏன்டி? மூணு மாசமா நீயேதானே பின்னிக்கிறே?" என்றேன். வளர்ந்துவிட்டாள், காலையில் ஒரு வேலை மிச்சம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நீ போயிட்டா அப்பாவுக்குப் பின்னத் தெரியாதுல்ல. அதான் கண்ணாடியைப் பாத்துப் பழகிக்கிட்டேன்," என்றாள். சீப்பை என் கையில் வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "இனிமே நீயே பின்னு."

என் கண் நிறைந்துவிட்டது. குழுப் பக்கத்தில், 'மகளுக்குத் தலை பின்னுகிறேன், பத்து நிமிடம் தாமதமாக வருவேன்' என்று எழுதிவிட்டு வகிடு எடுக்கத் தொடங்கினேன்.