இராசரத்தினம் வெட்டிய வரி

நாடு விட்டு வந்த நம்மவர் வாழும் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒருவர் கண்ணை மூடினால், ஐயருக்கு அடுத்தபடியாக அழைப்பு இராசரத்தினத்துக்குத்தான் போகும். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும், செத்தவரின் புகழ் பாடும் கல்வெட்டுப் புத்தகத்தை அவரைப்போல் எழுத ஆளில்லை. பெண்சாதிக்குக் கைநீட்டியவனும் அவருடைய பேனையில் இல்லறத்தின் விளக்காகிவிடுவான். செத்தவர் எழும்பி வந்து மறுக்கவா போகிறார்?

அதே கையால் சாட்சியும் எழுதினார் மனிசன். வினை அங்கேதான் பிடித்தது.

தாய்நாட்டில் பதவியில் இருக்கும் சனாதிபதி மேலேயே சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு. போரின் கடைசி நாட்களில், அவர் தளபதியாக இருந்தபோது, சரணடைந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றச் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. ஏறியவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன், போரில் தப்பி இங்கே வந்த இருபத்தெட்டுப் பேர் சொல்லச் சொல்ல, இராசரத்தினம் கொப்பியில் எழுதி, பிறகு தட்டச்சுச் செய்து, கையொப்பம் வாங்கி அனுப்பிவைத்தார். ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்தது. அவரும் இறங்க அவசரப்படவில்லை.

போன கிழமை சட்டத்தரணி அட்சயா அவரைக் கூப்பிட்டாள். இங்கேயே பிறந்த பிள்ளை; அந்த வாக்குமூலங்களைப் பார்ப்பது அவள்தான். இருபத்தெட்டையும் மேசையில் பரப்பி ஒரு வசனத்தைக் காட்டினாள். 'வானம் அழுதது, எம் கண்ணீர் கடலானது.' எல்லாவற்றிலும் இருந்தது.

“அங்கிள், இருபத்தெட்டுப் பேரும் ஒரே மாதிரியோ அழுதவை?”

பிறகு பேர்ணடெற்றின் தாளை எடுத்தாள். பக்கத்து டோர்செட் பார்க் பகுதியில் இருக்கும் மன்னார்க்காரி. மகனை அந்தப் பஸ்ஸுக்குக் கொடுத்தவள். தளபதியை நேரில் கண்டதாகச் சொல்பவள் அவள் ஒருத்திதான். அவரோ அந்தக் கிழமை தலைநகரில் இருந்ததாகச் சாதிக்கிறார். ஆனால் போன மாதம் ஒரு பத்திரிகை இராணுவ வைத்தியசாலைப் பதிவொன்றை வெளியிட்டிருந்தது. பஸ் போன இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே நாட்களில், தளபதியின் கால் பெருவிரல் நகத்தைக் கழற்றியிருக்கிறார்கள். பேர்ணடெற் அன்ரி காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, இனிச் சொன்னால் பத்திரிகை பார்த்துச் சொல்கிறா என்பார்களே என்று அட்சயா கவலைப்பட்டாள்.

இராசரத்தினத்துக்கு நினைவிருந்தது. பேர்ணடெற் சொல்லியிருந்தாள். தளபதியின் ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் நீலச் செருப்பு. தளபதி செருப்போடு நின்றால் சாட்சி பகிடியாகிவிடும் என்று அந்த வரியை வெட்டியவர் இராசரத்தினம்தான். அந்த இடத்தில்தான் வானத்தை அழவைத்தார்.

பார்ப்போம் பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். கொப்பி மேசை லாச்சியில் கிடந்தது. கல்வெட்டில் பேர் விடுபட்டால் சண்டை வருமென்று, கையால் எழுதும் முதல் பிரதியிலேயே பக்கத்துக்குப் பக்கம் திகதியும் கையொப்பமும் வாங்குவது அவர் பழக்கம். சாட்சிக் கொப்பியிலும் வாங்கியிருந்தார்; பத்திரிகைக்கு இரண்டு வருடம் முந்திய திகதி. இதைக் கொடுத்தால் பேர்ணடெற்றின் சொல் நிற்கும். அவருடைய பெயர் நிற்காது. இருபத்தெட்டுப் பேரின் வாயிலும் அவர் கைவைத்தது வெளியே வரும். மூன்று நாள் கொப்பியைத் தொடாமல் இருந்தார். அந்த மூன்று நாளையும் நினைத்தால் அவருக்கு இன்னும் கூசும்.

நாலாம் நாள் அதைப் பேர்ணடெற்றின் முன் விரித்து வைத்தார். குறுக்குக் கோட்டுக்குக் கீழே எழுத்துத் தெளிவாகத் தெரிந்தது.

“ஏன் அண்ணை வெட்டினனீங்கள்?”

“அழகாயில்லை எண்டு, தங்கச்சி.”

அவள் அந்த வரியை விரலால் தடவினாள்.

“நான் அழேல்லை அண்ணை. பிள்ளை பஸ்ஸில ஏறேக்க உந்தச் செருப்பைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அவன்ர முகத்தைப் பாக்கேல்லை. உங்களுக்கு மட்டும்தான் அதைச் சொன்னனான்.”

இராசரத்தினம் கொப்பியை மூடினார். வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டார்.

அன்று பின்னேரமே கொப்பியை அட்சயாவிடம் கொடுத்தார். அவரும் ஒரு வாக்குமூலம் எழுதவேண்டும் என்றாள். 'பேர்ணடெற் சொன்னதை நான் அறியாமல் வெட்டினேன்' என்று எழுதினார். ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிறகு 'அறியாமல்' என்ற சொல்லைக் குறுக்கே கீறி, பக்கத்தில் திகதியும் கையொப்பமும் வைத்தார்.